புஷ்பத்தின் வயிற்றில் இருந்தது

விஜயகலாவுக்கு இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும்போல இருந்தது. கொழுந்துக்கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கியபோதுகூட அந்த இடுப்பு இப்படிப் படுத்தியதில்லை. வேலை செய்து வருகிற வலிக்கு ஒரு நியாயம் உண்டு. வெந்நீர் ஊற்றி ஒரு தூக்கம் போட்டால் சொன்ன பேச்சு கேட்கும். ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் கதிரையில் குந்திக் குந்தி வந்த வலிக்கு எந்த நியாயமும் கிடையாது. எழுந்தாலும் குத்தியது, உட்கார்ந்தாலும் குத்தியது. கொஞ்சம் சாய்ந்து படுக்கலாமென்றால் காவல்காரன் வந்து சிங்களத்தில் அதட்டினான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் உதயராஜ் கிடந்தான். கலவானவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன். மழையில் பால்வெட்டு நின்றால் சிங்கள ஊர்களான நாட்டுப் பக்கம் இறங்கி மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கப் போவான். அந்தச் சேற்றில்தான் எலிக்காய்ச்சல் பிடித்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சிறுநீர் நின்றது, மூச்சு நின்றது, மெஷினில் போட்டார்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றுகூட ஒருநாள் சொன்னார்கள். ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டான். மெஷினைக் கழற்றினார்கள், சிறுநீர் போனது, கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டான். அவளும் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள்.

அப்புறம்தான் வயிறு பிடுங்கிக்கொண்டது. தண்ணீராகப் போனது. அந்த நாற்றத்துக்கு, ஆஸ்பத்திரியிலேயே காலம் கழித்த அட்டென்டன் பொம்பளையே மூக்கைப் பொத்தினாள். ஒரு மருந்து கொடுத்தார்கள், நின்றது. மருந்தை நிறுத்தினார்கள், திரும்பவும் பிடுங்கியது. இன்னொரு மருந்து, அதே கதை. காய்ச்சலில் போகாத சதையெல்லாம் இப்போது போனது. தோள் எலும்பு இரண்டும் சட்டை மாட்டுகிற ஆணிபோல நின்றன. மறுபடி அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

டாக்டர்கள் ஏதோ கிருமி என்றார்கள்.  விஜயகலாவுக்குக் காரணம் தெரியும். காரணத்தின் பெயர் புஷ்பம்.

புஷ்பம் உதயராஜின் உடன்பிறந்த அக்கா. புருஷன் செத்த பிறகு வாழப்போன தோட்டத்தை விட்டுத் திரும்பி வந்து, லயத்து வரிசை வீடுகளில் இவர்களுக்கு அடுத்த காம்பிராவில் இருந்தாள். உதயராஜ் பெயரில் புது வீட்டுக்கு அரசாங்கம் ஏழு பேர்ச் காணி எழுதிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஆகவில்லை. அப்பனாத்தா ஒழைச்ச தோட்டம்தானே, ஓரமா ஒரு குசினி போட்டுக்கிறேன் என்று புஷ்பம் கேட்டாள். விஜயகலா முடியாது என்றாள். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

அப்படி அறுத்துக்கொண்டவள், உதயராஜுக்குக் காய்ச்சல் வருவதற்கு முதல் நாள், யாரும் கேட்காமல் ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கும் கட்டச்சம்பலும் கொண்டு வந்து தம்பிக்கு வைத்தாள். தம்பிக்கு மட்டும். அவனும் அக்கா கை ருசி என்று தட்டை வழித்துத் தின்றான். மறுநாள் காய்ச்சல்.

போதாக்குறைக்குக் குளுசை விசயம். நாட்டு வயலுக்கும் குழிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க, சுகாதாரப் பகுதி பீ.எச்.ஐ. மாத்தியா வாரத்துக்கொரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். விஜயகலா நாட்டு வயலில் நெல் வெட்டப் போகிறவள், ஒழுங்காக விழுங்குவாள். உதயராஜ் நெஞ்செரிகிறது என்று பாதியில் விட்டான். புஷ்பமும் அதே வயலுக்குத்தான் போனாள், ஆனால் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. எனக்கு எந்தச் சீக்கும் வராது, நீங்க போடுங்க என்று சிரிப்பாள். சீக்கு வராதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? வரப்போவது யாருக்கென்று தெரிந்தவளுக்குத்தானே அவ்வளவு தைரியம் இருக்கும்? விஜயகலா கதிரையில் இருந்தபடி இதைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் புஷ்பத்தில்தான் வந்து நின்றது.

தோட்டத்தில் வயிற்றுக்கு மருந்து வைப்பது புது விசயமில்லை. சோற்றில், கிழங்கில், தேத்தண்ணியில் கலந்து கொடுத்துவிடுவார்கள். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதை எடுக்கிற ஆள் காத்தமுத்து. முந்தி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினவர், கை நடுக்கம் வந்து வேலையை விட்டபின் இதுதான் பிழைப்பு. தோட்டத்துக்கு வந்த ஒருநாள் விஜயகலா உதயராஜின் சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். அவர் வெற்றிலையில் எண்ணெய் தடவிப் பார்த்தார். மருந்து இறங்கியிருக்கிறது, வைத்தது ரத்த உறவு என்றார்.

"எடுத்துருங்க மாமா."

"நான் எடுத்தா கொடலோட வரும். இது அந்த மாதிரி மருந்து. வச்ச ஆளேதான் எடுக்கணும்."

அதற்கு மேல் விஜயகலாவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை, வேலைக்குப் போக முன்னம் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரமாகப் பார்த்துப் பீலிக்கரையில் புஷ்பத்தை மறித்தாள். தம்பி வயித்துல என்னத்தடி வச்ச என்று கேட்டாள். மதினி என்று கூப்பிட்ட வாயால் 'டி' போட்டுக் கேட்டாள். லயமே பார்த்துக்கொண்டு நின்றது. புஷ்பம் பதில் சொல்லவில்லை. வாளி நிறையும் வரை காத்திருந்து, தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதில் இருந்தால் சொல்லியிருப்பாளே என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து புஷ்பத்தின் வீட்டுத் தேத்தண்ணியை யாரும் வாங்கிக் குடிப்பதில்லை.

*

டாக்டர் றிப்தா மாவனல்லைக்காரப் பெண். இளவயது. அந்த வார்டில் தமிழில் பேசுகிற ஒரே டாக்டர் என்பதால், கெட்ட சேதியெல்லாம் அவள் வாயால்தான் விஜயகலாவுக்கு வந்தது. அதனாலேயே அவளைக் கண்டால் விஜயகலா வேறு பக்கம் பார்ப்பாள். அன்றைக்கு அவள் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லதற்கில்லை.

உதயராஜைக் காப்பாற்றக் கொடுத்த மருந்துகள் கடுமையானவை, அவை எலிக்காய்ச்சல் கிருமியோடு சேர்த்து வயிற்றில் இருக்கவேண்டிய நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டன என்றாள். வயிற்றில் கிருமி நல்லதா என்று விஜயகலா பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்தது.

"நீங்க தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிக்கிறதானே? எல்லாம் கருகின மலையில மொதல்ல மொளைக்கிறது என்ன?"

"மானாப்புல்லு" என்றாள் விஜயகலா. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டோமே என்று உடனே தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அதுதான் இப்ப ஒங்கட புருஷன்ட கொடல். நல்லதெல்லாம் செத்துட்டு, ஒரு கூடாத கிருமி மட்டும் மண்டி ஈக்கி. மருந்து குடுத்தா படுக்குது, விட்டா எழும்புது. இனி மருந்தால மட்டும் ஏலா. அங்க திரும்பக் கண்டு நடணும்."

நடுகிற கன்று எங்கேயிருந்து வரும் என்று விஜயகலா கேட்டாள். நல்ல சுகமாக இருக்கிற இன்னொருவர் வயிற்றிலிருந்து என்றாள் டாக்டர். வயிற்றிலிருந்து எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் முகம் சுளிக்காமல், குரலைத் தாழ்த்தாமல், மலத்திலிருந்து என்றாள். அதைக் கரைத்து வடிகட்டி, பின்பக்கத்தால் குழாய் விட்டுக் குடலுக்குள்ளே அனுப்புவது.

விஜயகலா அவள் முகத்தில் கேலியைத் தேடினாள். கேலி இல்லை. பிறகு ஒன்று தெளிவாகப் பட்டது.

"தோட்டத்து ஆளுன்னுதானே இப்புடி செஞ்சு பாக்குறீங்க? கொழும்புல பெரிய வீட்டு ஆளுக்கு செய்வீங்களா?"

"என்ட வாப்பா இந்தக் கட்டில்ல கெடந்தாலும் இதத்தான் செய்யச் செல்லுவன்." டாக்டர் எழுந்து போய்விடுவாள் என்று விஜயகலா நினைத்தாள். போகவில்லை. "நான் ஒண்டையும் மறைக்கல்ல. இந்த ஆஸ்பத்திரியில இதுக்கு முந்தி இத செஞ்சதில்ல. பெரிய டொக்டர் கொழும்புல கதைச்சித்தான் முடிவெடுத்தீக்கிறார். சரிவராமலும் போகலாம். செய்யாம உட்டா அவர் தாங்க மாட்டார்."

உண்மை பேசுகிறவளை நம்பலாமா, உண்மைபோலப் பேசுகிறாளா என்று விஜயகலாவுக்குத் தெரியவில்லை. ஆனால் தாங்க மாட்டார் என்றது உண்மை. அதை அவளே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னோடத எடுங்க" என்றாள்.

மூன்று மாதத்துக்குள் ஏதாவது கெப்ஸூல் போட்டீங்களா என்று டாக்டர் கேட்டாள். இல்லை என்றாள் விஜயகலா. எந்தக் குளுசையும்? எந்தக் குளுசையும் இல்லை. அவள் சொன்ன வேகத்திலேயே டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாட்டு வயலுக்குப் போவதுண்டா என்று கேட்டாள். போவேன் என்று விஜயகலா சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப பீ.எச்.ஐ. குடுக்கிற கெப்ஸூல்?"

விஜயகலா தரையைப் பார்த்தாள்.

"பொய் செல்ல வாணாம். அந்தக் கெப்ஸூல் எலிக்காய்ச்சலுக்கு நல்லம். ஆனா அது போட்ட வயித்துலேருந்து எடுத்து இவருக்குக் குடுக்க ஏலா. ஒங்கட வயிறும் பாதி கருகின மலைதான்."

பார்க்க வந்திருந்த மகள் தனுஜாவைக் கேட்டார்கள். அவிசாவளையில் கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், தொண்டை நோவுக்குப் போன மாதம்தான் மருந்து குடித்து முடித்திருந்தாள். உதயராஜோடு ஒரே லயத்தில், ஒரே தண்ணீர் குடித்து, ஒரே மாதிரிச் சாப்பாடு சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல், குளுசை பக்கமே போகாத ஆள் யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டாள்.

உண்டு. விஜயகலா சொல்லவில்லை. தனுஜாதான் சொன்னாள்: "அத்த இருக்கே."

எழுந்து போகிறபோது டாக்டர் இன்னொன்றும் கேட்டாள். காய்ச்சல் வந்ததும் வீட்டில் ஏதும் குளுசை கொடுத்தீர்களா, உடனே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு மருந்து தேவைப்பட்டிருக்காதே என்று. இல்லை என்றாள் விஜயகலா. இந்தப் பொய்யை டாக்டர் நோண்டவில்லை. லயத்தில் யாரும் மருந்தை முடிப்பதில்லை. சுகம் வந்ததும் மிச்சத்தை ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு வைப்பார்கள். அடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். சிவப்பும் கறுப்பும், மஞ்சளும் வெள்ளையும் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். டின் தீரும் வரை விஜயகலா அவனுக்குக் கொடுத்தாள். கண் மஞ்சளித்த பிறகுதான் லொறி பிடித்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

*

கலவான பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து போகும்போதுதான் காத்தமுத்து சொன்னது வந்து மோதியது. வச்ச ஆளேதான் எடுக்கணும். டாக்டரும் அதைத்தான் சொல்கிறாள். பாஷைதான் வேறு. புஷ்பம் வைத்தாள். புஷ்பத்தின் வயிற்றிலிருந்து வருவதுதான் அதை எடுக்கும். அப்படிப் பார்த்தால் டாக்டரை நம்பவும் வேண்டியதில்லை, புஷ்பத்தை மன்னிக்கவும் வேண்டியதில்லை. பஸ் இறக்கத்தில் திரும்பியபோது விஜயகலா சம்மதித்திருந்தாள்.

கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு வந்து புஷ்பம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். விஜயகலா நின்றபடியே விசயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அழவும் இல்லை. புஷ்பம் கோடரியை நிறுத்தாமல் கேட்டாள். அந்த வார்த்தை வந்த இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"என்னோட பீயா?"

"ஆமா மதினி."

புஷ்பம் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைப் புறங்கையால் துடைத்தாள்.

"தம்பி வயித்துல என்னத்த வச்சேன்னு அன்னைக்கி லயமே கேக்க கேட்ட. இன்னைக்கி நீயே வாங்கிட்டுப் போயி வைக்கப் போறியா? கிழங்கு வச்சதுக்கே அந்தப் பேச்சு. இதுக்கு என்னா பேசுவ?"

 டாக்டரம்மா கேட்கச் சொன்னார் என்று மட்டும் விஜயகலா முனகினாள்.

"தர்றேன். அவன் ஏந் தம்பி. நீ வந்து கேக்காட்டியும், அந்த டொக்டர் வந்து கேட்டாலும் தருவேன். ஆனா ஒன்னு, கலா. அவன் பொழைச்சு வந்தா, எந்த எடத்துல நின்னு சொன்னியோ அதே எடத்துல நின்னு, எல்லாருக்கும் கேக்க, நான் மருந்து வைக்கலன்னு நீ சொல்லணும். எனக்கு வேற ஒன்னும் வேணாம். குசினியும் வேணாம்."

சொல்றேன் மதினி என்றாள் விஜயகலா. சொன்னபோது சொல்வதாகத்தான் நினைத்திருந்தாள். திரும்பி நடக்கையிலேயே சந்தேகம் வந்தது. இவ்வளவு லேசில் ஏன் ஒத்துக்கொண்டாள்? குசினியும் வேண்டாமென்று ஏன் சொன்னாள்?

ஆஸ்பத்திரியில் புஷ்பத்தின் ரத்தத்தை எடுத்தார்கள், மலத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். ஊசி குத்திய இடத்தை அவள் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிலும் குற்றமில்லை என்று வந்தது. விஜயகலாவுக்கு அது ஏனோ பிடிக்கவில்லை.

குறித்த நாளில் புஷ்பத்திடம் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். கக்கூசுக்குப் போய், அதைப் பேப்பரில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அட்டென்டன் பொம்பளை சிங்களத்தில் ஏதோ கிண்டல் செய்தாள். புஷ்பம் அவளைவிட நல்ல சிங்களத்தில், இது மாணிக்கம், பார்த்துத் தூக்கு என்றாள். அந்தப் பொம்பளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

விஜயகலா சிரிக்கவில்லை. எழுந்து போய் டப்பாவை வாங்கினாள். அட்டென்டன் தடுக்க முன்னம் பேப்பரைப் பிரித்து, மூடியைத் திருகித் திறந்து, உள்ளே பார்த்தாள். மயிர் இருக்கிறதா, சாம்பல் இருக்கிறதா, கறுப்பாக ஏதாவது உருட்டி வைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இருக்க வேண்டியதைத் தவிர எதுவும் இல்லை.

"பாத்துக்க" என்றாள் புஷ்பம். கோபமில்லை, களைப்பாகத்தான் சொன்னாள். "நல்லாப் பாத்துக்க."

விஜயகலா மூடியை மூடிக் கொடுத்தாள். கையெழுத்துக் கேட்ட இடத்தில் போட்டாள்.

*

குழாயால் உள்ளே ஏற்றிய பிறகு, முதலில் ஒன்றும் மாறவில்லை. காய்ச்சல்கூடக் கொஞ்சம் ஏறியது. கெட்டவள் கெடுத்துவிட்டாள் என்று விஜயகலா கதிரையில் இருந்து பல்லைக் கடித்தாள். பிறகு ஒரு காலையில் அட்டென்டன் வந்து, இன்றைக்குத் துணி மாற்ற வேலை இருக்கவில்லை என்று கையை விரித்துக் காட்டினாள். அடுத்த நாளும் இருக்கவில்லை. நாற்றம் போயிற்று. உதயராஜ் கஞ்சி குடித்தான். கஞ்சியைக் குடித்துவிட்டு, சம்பல் இல்லையா என்று கேட்டான். டாக்டர் றிப்தா கட்டிலின் கால்மாட்டில் நின்று, வேறு யாரிடமும் சொல்லாததுபோல மெதுவாக, நட்ட கண்டு வேர் புடிச்சிட்டு என்றாள்.

யாருடையது உள்ளே போனதென்று அவனுக்குத் தெரிந்தபோது நெடுநேரம் மேலே சுழலும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், அக்காவா என்று மட்டும் கேட்டான்.

வேன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று லயமே வாசலில் கூடிவிட்டது. காத்தமுத்து முன்வரிசையில் நின்றார். நான் அன்னைக்கே சொல்லல, வச்ச ஆளே எடுத்தாத்தான் போகும்னு, எடுத்துச்சா இல்லையா என்று எல்லாரிடமும் கேட்டார். ஆமாம் என்றார்கள். புஷ்பம் மருந்து வைத்தது இப்போது நிரூபணமாகிவிட்டது. வைக்காதவளால் எப்படி எடுக்க முடியும்? முன்பு அவள் வீட்டுத் தேத்தண்ணியை மட்டும் தவிர்த்தவர்கள், இப்போது அவள் வாளி வைத்த இடத்தில் தங்கள் வாளியை வைப்பதில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி அவளைக் கண்டு முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள்.

விஜயகலா இதையெல்லாம் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவள் வைக்கவில்லை என்றால் அவன் எப்படி அந்த நிலைக்குப் போனான்? அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பால்மா டின் இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், புஷ்பம் வைக்கவில்லை என்று விஜயகலாவால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. டாக்டர் சொன்னபோது நம்பினாள். காத்தமுத்து சொன்னபோது அதையும் நம்பினாள். காலையில் ஒன்றை நம்பினாள், கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் மற்றதை நம்பினாள்.

புஷ்பம் இரண்டு மூன்று தடவை பீலிக்கரையில் அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.  வாளி நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். விஜயகலா குனிந்து வாளியைத் தேய்த்துக் கழுவினாள், கழுவிய வாளியையே மறுபடியும் கழுவினாள்.

ஒருநாள் மலையில், பக்கத்து நிரையிலிருந்து, கொழுந்தைப் பறித்தபடியே புஷ்பம் கேட்டாள்.

"எப்ப சொல்லப் போற?"

"சொல்றேன் மதினி. அவரு இன்னும் கொஞ்சம் தேறட்டும்."

 புஷ்பம் நிரையில் முன்னால் போய்விட்டாள்.

உதயராஜ் தேறிவிட்டான். பால்வெட்டப் போகிறான், வயிறு நிறையச் சாப்பிடுகிறான், புது வீட்டுக்கு அத்திவாரக் கல் இறக்கியிருக்கிறான். பீலிக்கரையில் எல்லாரும் கேட்க, மதினி மருந்து வைக்கவில்லை என்று விஜயகலா இன்னும் சொல்லவில்லை.